வடக்கு கேலரியில் ஒரு நீலக்காரர்

"மெத்தை விக்கிறவர் கையில கிளப்பைக் கொடுத்தா டீம் படுத்துத்தான் கிடக்கும், மச்சான். இதுல என்ன சந்தேகம்?"

"படுத்தாலும் உங்களை மாதிரி ஒழுகிக்கிட்டு கிடக்க மாட்டோம், மாப்பிள்ளை. உங்க முதலாளி குழாய் வியாபாரிதானே? அதான் உங்க டிஃபென்ஸ்ல நாலு இடத்துல கசியுது."

கண்ணாடிக் கடைக்குள் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது சோதனை நாற்காலியில் ஓர் அம்மாள் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டம். அதில் ஒரு பக்கம் கறுப்பு மூடி; இன்னொரு பக்கம் உலகத்தில் எந்தக் கண்ணுக்கும் பொருந்தாத ஒரு லென்ஸ். கடைசி வரியில் என்ன எழுத்து தெரிகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்தான் கடைக்காரர். அதற்கப்புறம் அவருக்கு அந்த அம்மாளும் நினைவில் இல்லை, எழுத்தும் நினைவில் இல்லை. அம்மாளுக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கண் இரண்டும் வேலை செய்யாவிட்டால் என்ன, காது இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. சாயங்காலத்துக்குள் இந்தச் சண்டை இடைவேளை உட்பட மூன்று தெருவுக்குத் தெரிந்துபோனதென்றால் அது அவர் கட்டிக்கொண்ட புண்ணியம்.

அந்த ஊரில் இரண்டே கால்பந்துக் கிளப், நீலமும் பச்சையும். கண்ணாடிக்காரர் நீலம். பிறந்ததிலிருந்தே நீலம் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவர் கடையில் லென்ஸ் துடைக்கும் துணிகூட வேறு நிறத்தில் இருந்து யாரும் பார்த்ததில்லை. வாசற்படியில் நின்று பதில் கொடுத்தவர் அவர் மனைவியின் அண்ணன். பச்சைக் கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர். ஊர் வைத்த பேர் புல்லுக்காரர். பூட்ஸில் எப்போதும் சேறு அப்பியிருக்கும் என்பதால் கடைக்குள் கால் வைக்கக்கூடாது என்று தங்கை என்றைக்கோ உத்தரவு போட்டிருந்தாள். ஆகவே ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல் பேச வழியே இல்லை. தெருவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு அமையாது.

நீலக் கிளப்பைக் குழாய் வியாபாரி ஒருவர் எப்போதோ வாங்கிவிட்டார். பச்சை அப்படியில்லை. அது உறுப்பினர்களுக்கே சொந்தம். அறுநூற்றுச் சொச்சம் பேர், ஆளுக்கொரு ஓட்டு. ஜெயிக்கிறார்களோ இல்லையோ, "எங்களை யாரும் விலைக்கு வாங்க முடியாது" என்று மார்தட்டிக்கொள்ள அவர்களுக்கு அந்த ஒரு விஷயம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அதற்கும் ஒரு விலை வந்து சேர்ந்தது. மெத்தைத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் கிளப்பை வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரத்தில் புது ஸ்டேடியம் கட்டித் தருவதாகவும், பழைய மைதானத்தைத் தன் கிடங்காக எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி, கலர் கலராக வரைபடங்களை அனுப்பி வைத்தார். வரைபடத்தில் ஸ்டேடியத்தின் கூரை சாட்சாத் தலையணை மாதிரியே உப்பியிருந்தது. உறுப்பினர்கள் கூடி முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று.

செய்தி வந்த அன்று காலையில்தான் விவகாரமே ஆரம்பமானது. புல்லுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். என்னவோ சொல்ல வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார். தலையணைக்குக் கீழே இனி ஆட்டக்காரர்கள் குறட்டை விடுவார்களா என்று விசாரித்தார். கோல்கீப்பருக்குப் போர்வை உண்டா, இல்லை அவரே கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். புல்லுக்காரரின் தொங்கிய முகம் சட்டென்று நிமிர்ந்தது. "நல்ல திட்டம் மாப்பிள்ளை. எங்களுக்கு நல்ல காலம் வருதுன்னதும் உங்களுக்கு வயிறு எரியுது" என்றார். அவ்வளவுதான், வார்த்தை வெளியே வந்துவிட்டது. மறுநாள் அதற்கு ஒரு முட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் இன்னொன்று. இரண்டாவது வாரத்தில் டீக்கடை நடுவில் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வடக்கு கேலரியில் முதல் ஆளாகத் தான்தான் நிற்கப்போவதாகப் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

வடக்கு கேலரி என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பில் ஓட்டுச் சீட்டு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. ஒரு தேர்தலில் பெட்டியைத் திறந்து பார்த்தால் உறுப்பினர்களைவிடச் சீட்டு அதிகமாக இருந்தது. அன்றோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது நடப்பது இதுதான்: செயலாளர் ஒரு விசில் ஊதுவார். சம்மதம் என்பவர்கள் வடக்கு கேலரியில் போய் நிற்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் தெற்கு கேலரியில். இரண்டாவது விசில் ஊதும்வரை யார் வேண்டுமானாலும் மனசு மாறிப் பக்கம் மாறலாம். ஊதியபின் வாசலைச் சாத்தித் தலையை எண்ணுவார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஊருக்கே வெட்டவெளிச்சம். இப்படிப்பட்ட இடத்தில் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வதென்றால் முதுகுக்குப் பின்னால் நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நடந்து போக வேண்டும்.

கடையில் அந்தச் சண்டை நடந்த அன்று இரவு வீட்டில் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் குழாய், கசிவு சமாசாரத்துக்குத் தாமதமாகத் தோன்றிய ஒரு நல்ல பதிலை அவளிடம் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சட்டைக் காலரை அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"புது ஸ்டேடியத்துல புல்லே கிடையாதாம், தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றார்.

"பிளாஸ்டிக்காம். சுருட்டிக் கொண்டாந்து விரிப்பாங்களாம். தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம், ஆளும் வேணாம். அண்ணி மத்தியானம் வந்து உக்காந்துட்டுப் போனாங்க. அண்ணனுக்கு மூணு வாரமா சாப்பாடு இறங்கலையாம்."

கண்ணாடிக்காரருக்கு முதலில் புரியவில்லை. இவ்வளவு நாள் அந்த மெத்தையைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய மனிதர் அவர்தானே? மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அண்ணன் குடியிருப்பது கிழக்கு கேலரிக்கு அடியில். வேலையோடு சேர்ந்து வந்த வீடு. மேலே படிக்கட்டு என்பதால் கூரை சரிவாக இறங்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொண்டதே குனிந்துதான். பச்சை கோல் போட்டால் மேலே ஆயிரம் பேர் குதிப்பார்கள், கீழே சுண்ணாம்பு உதிரும். ஆட்டம் உள்ள நாளில் அண்ணி பாத்திரங்களையெல்லாம் மூடிவைத்துவிடுவாள். மூடியில் விழுந்த தூளைப் பார்த்தே எத்தனை கோல் என்று சொல்லிவிடுவாள். கிளப் கைமாறினால் வேலையும் போயிற்று, வீடும் போயிற்று.

"இதெல்லாம் தெரிஞ்சுமா சரின்னு சொல்றார்?"

"நீங்க வேணாம்னு சிரிச்சீங்க. அதனால சரின்னுட்டார். இப்ப எந்த முகத்தோட மாத்திப் பேசுவார்?" சட்டையை மடித்து வைத்தாள். பிறகு, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல, "போறதுக்கு வேற எடம் ஏது அவங்களுக்கு? நம்ம மாடிக்குத்தான் வரணும்" என்றாள்.

மாடி என்ற சொல் கண்ணாடிக்காரரை எங்கேயோ குத்தியது. அந்த மாடி அறை அவருடைய ராஜ்ஜியம். சுவர் நிறைய நீலக் கொடி. டிவிக்கு எதிரே ஒரு சோபா. அதில் அவர் உட்காரும் இடம் மட்டும் பள்ளமாகியிருக்கும். ஆட்டம் நடக்கும்போது பெற்ற மகளுக்குக்கூட உள்ளே பேச அனுமதி கிடையாது. அங்கே புல்லுக்காரரும் அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும், மூன்றும் பச்சை, மெத்தை விரித்துப் படுத்துக்கொள்வதாக ஒரு காட்சி அவர் கண்முன் வந்து போனது. அதுவும் அந்த முதலாளி கம்பெனி மெத்தையாகவே இருக்கும்.

மறுநாள் அண்ணியின் கண்ணாடிக்குக் காதுக்கம்பி வளைத்துத் தருகிற சாக்கில் மைதானத்துக்குப் போனார். எதிரி மைதானத்துக்குள் ஆட்டம் இல்லாத நாளில் அவர் நுழைந்தது அதுவே முதல் தடவை. கேலரிகள் காலி. ஒரே ஆள், தெற்குப் பக்க கோல் வாசலில், முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பழைய முட்கரண்டி ஒன்று. போன ஆட்டத்தில் பெயர்ந்துபோன இடத்தில் விதை தூவி முளைக்க வைத்திருந்தார். விரல்நகம் அளவுக்குப் பயிர் எழும்பியிருந்தது. முட்கரண்டியால் அதைச் சுற்றி மண்ணை லேசாகக் கிளறி, ஒவ்வொரு கீற்றையும் தலைவாரி விடுவதுபோல நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கை கழுவப்போகிற தரையை வியாழக்கிழமை இப்படிச் சீராட்டுகிற மனிதரைப் பார்த்தபோது கண்ணாடிக்காரருக்கு மாடி மறந்துபோனது. பச்சைக்காரர் ஒருவருக்காக மனசு இளகுகிறது என்பது வெளியே தெரிந்தால் அவமானம் என்பதால் இருமி வைத்தார்.

இருமல் சத்தத்தில் புல்லுக்காரர் நிமிர்ந்தார். முட்கரண்டியைப் பைக்குள் ஒளித்தார்.

கண்ணாடிக்காரர் தன்னால் முடிந்தவரை பணிந்து பேசினார். தான் சிரித்ததெல்லாம் விளையாட்டுக்கு என்றார். மனசுக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு மரியாதையாக அவர் மச்சானிடம் பேசியதில்லை. அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

"மாப்பிள்ளை சொல்லி நான் மாறினேன்னு ஊரு பேசணுமா?" என்றார் புல்லுக்காரர். முகம் கறுத்துவிட்டது. "ஒரு நீலக்காரர் வந்து எனக்காகப் பரிதாபப்படுற நிலைமை எனக்கு இன்னும் வரல. வடக்குலதான் நிப்பேன். முதல் ஆளா நிப்பேன்."

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் கண்ணாடிக்காரர் யோசித்துக்கொண்டே நடந்தார். இந்த மனிதர் என்றைக்காவது தான் சொன்ன ஒன்றுக்குத் தலையாட்டியிருக்கிறாரா? மழை வரும் என்று இவர் சொன்ன அன்று வேண்டுமென்றே கோல் வலையைத் துவைத்துக் காயப்போட்டவர். கண் பரிசோதனையில்கூட, கடைசி வரி தெரியவில்லைதானே என்று கேட்டதற்காகவே, தெரிகிறது என்று சாதித்து ஒரு வருஷம் தப்பான பவரில் திரிந்தவர். அப்படியானால் வழி எது என்று கடைப் பூட்டைத் திறக்கும்போது புலப்பட்டது.

நல்லவேளை, முந்தின நாள் சோதனை நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடி வாங்க வந்தார். மூக்கில் பொருத்திப் பார்த்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் ஒரு திருகு திருகியபடியே, மெத்தை முதலாளி திட்டத்தை நன்றாக யோசித்துப் பார்த்ததாகவும், பச்சைக்கு இதைவிட நல்லது எதுவும் நடக்காது என்று தன் மனசுக்குத் தோன்றிவிட்டதாகவும் கண்ணாடிக்காரர் சொன்னார். தலையணைக் கூரை பார்க்கப் பார்க்க அழகாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். விஷயம் வேகமாகப் போய்ச் சேர அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் புல்லுக்காரர் வாசற்படியில் ஆஜர்.

"என்ன மாப்பிள்ளை, திடீர்னு எங்க மேல இவ்வளவு பாசம்?"

"நல்லதை நல்லதுன்னுதானே சொல்லணும், மச்சான். பைபாஸ் பக்கம் காத்தாட இருக்கும்."

"காத்தா?" புல்லுக்காரர் ஒரு படி ஏறப்போய், பூட்ஸ் நினைவு வந்து நின்றார். "அங்க அடிக்கிற காத்துல கார்னர் எடுத்தா பந்து அடுத்த ஊருக்குத்தான் போவும்."

"பிளாஸ்டிக் தரை வேற. சேறே இருக்காது."

"வழுக்கி விழுந்தா தோல் உரிஞ்சிடும். உங்களுக்கு என்ன தெரியும் தரையைப் பத்தி?"

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் புகழ்ந்தார். அவர் புகழப் புகழ மற்றவர் ஒவ்வொன்றாக ஓட்டை சொல்லிக்கொண்டே வந்தார். நேற்றுவரை இவர் பேசிய பேச்சை அவரும், அவர் பேசியதை இவருமாக மாற்றிப் பேசுவதைத் தெருவில் நின்று கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. ஆனால் போகும்போது புல்லுக்காரர் வாசலில் ஒரு கணம் நின்றார். குரல் இறங்கியிருந்தது. திட்டம் எப்படியிருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். தரையைப் பற்றி அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி ஐம்பது அறுபது பேர் வடக்கில் நிற்கப்போகிறார்கள்; இப்போது போய் என்ன சொல்வது?

சனிக்கிழமை கண்ணாடிக்காரர் தோற்றுப்போன முகத்தோடு கடையைச் சாத்தினார். வீட்டில் மேஜை மேல், மறுநாளைக்கான சட்டைக்குப் பக்கத்தில், ஒரு பழைய அட்டை இருந்தது. ஓரம் மடங்கி, நிறம் போய், ஆனாலும் பச்சை என்று தெரியும் அட்டை.

இது ஒரு கதை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த கதை. பெண் கேட்டுப் போன காலத்தில் மாமனார், அசல் பச்சைக்காரர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நீலத்துக்குப் பெண் கொடுத்தேன் என்று நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக்கூடாது, ஆகவே கிளப்பில் பேர் எழுது என்றார். பெண்ணோ கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி? எழுதிக் கொடுத்தார். ஆயுள் உறுப்பினர், எண் முந்நூற்றுப் பதினெட்டு. அட்டையை வாங்கிய அன்றே கடைக்குக் கொண்டுபோய், யாரும் கேட்காத பவர் லென்ஸ்கள் இருக்கும் அடித்தட்டுக்குள் புதைத்துவிட்டார். மாமனார் அதை யாரிடமும் சொல்லாமலே கண்ணை மூடினார். புல்லுக்காரருக்கே தெரியாது.

"இதை எதுக்கு எடுத்தே?"

"நாளைக்கு வடக்குல போய் உக்காருங்க."

"என்ன பேசுற நீ? நான் அங்க உக்காந்தா அந்தப் பக்கம் ஒரு ஓட்டு கூடுமே!"

"ஒண்ணு கூடும்" என்றாள் மனைவி. "எத்தனை குறையும்னு பாருங்க."

அவர் அதிகம் யோசித்தது ஓட்டைப் பற்றியல்ல. அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். காட்டிவிட்டால் மறுநாளே நீலக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நீலத்தின் தூண் என்று இருபது வருஷமாக மீசையை முறுக்கியவர் பச்சையில் ஆயுள் உறுப்பினர். இனி எந்தக் கடையில் போய் எந்த வாயால் பேசுவது? முட்கரண்டியும் கையுமாக முழங்காலிட்டிருந்த ஆள் நினைவுக்கு வந்தார். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் விசில் ஊதியாயிற்று. செயலாளர் அம்மாள் வங்கியில் வேலை பார்ப்பவர். நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை. விசிலையே கட்டிக்கொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு. வாசலில் மேஜை போட்டு அவரே அட்டைகளைச் சரிபார்த்தார். முந்நூற்றுப் பதினெட்டைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பினார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பேரேட்டில் தேடினார். இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

கண்ணாடிக்காரர் நேராக வடக்கு கேலரிக்குப் போனார். அங்கே முந்நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். தெற்கில் நூறு பேர் தேறுவது சந்தேகம். வடக்கின் முதல் வரிசையில், சொன்னபடி முதல் ஆளாக, புல்லுக்காரர். எதிரே தெரிந்த தரையைப் பார்க்க முடியாமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அவரைத் தாண்டி நடுவில் போய், நாலு பேர் உட்காருகிற இடத்தில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். போதாததற்கு அவர் போட்டுவந்த சட்டை நீலம். மனைவி இஸ்திரி போட்டு வைத்தது.

புல்லுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு இங்க?"

"ஓட்டுப் போட வந்தேன், மச்சான். உங்க அப்பா சேர்த்துவிட்டதுதான்." குரலை மைதானம் முழுவதும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டார். "இந்த மைதானம் ஒழியறதை என் கண்ணால பாக்கணும்னு எத்தனை வருஷ ஆசை! இன்னைக்குத்தான் பலிச்சிருக்கு. நீங்களும் கூட நிக்கிறீங்க பாருங்க, மனசு நிறைஞ்சுபோச்சு."

வடக்கு கேலரி மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. செயலாளர் விசிலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

புல்லுக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "உங்களோட ஒரே பக்கம் நின்னு ஓட்டுப் போட்டேன்னு என் பிள்ளைங்க நாளைக்குச் சொல்லணுமா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கி நடந்தார்.

குறுக்கே போனால் ஒரு நிமிஷம். ஆனால் பூட்ஸோடு தரையில் கால் வைக்க அவர் மனசு ஒப்பவில்லை. மைதானத்தைச் சுற்றி, கிழக்கு கேலரி ஓரமாக, தன் வீட்டு வாசலைத் தாண்டி, அரைச் சுற்று நடந்தார். அந்த நடை நீண்டதால்தான் மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. முதலில் அவரை நம்பி வந்த ஐம்பது அறுபது பேர் கிளம்பினார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, நீலக்காரன் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறான் என்றால் இதில் ஏதோ விவகாரம் இருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்தவர் அதை மேல் வரிசைக்குச் சொன்னார். அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடக்கு கேலரி மளமளவென்று காலியாகிச் சுற்றுப்பாதையில் ஒரு நீளமான ஊர்வலம் போயிற்று. புல்லுக்காரர் புல்லை மிதிக்கவில்லை என்பதால் பின்னால் வந்த ஒருவரும் மிதிக்கவில்லை. கடைசி ஆள் தெற்கில் ஏறும்வரை செயலாளர் இரண்டாவது விசிலை ஊதவில்லை. அது விதிமுறைப்படி சரிதானா என்று இன்றைக்கும் ஒரு கேள்வி உண்டு.

எண்ணிப் பார்த்தபோது வடக்கில் முப்பத்தொன்று. அதில் ஒன்று முந்நூற்றுப் பதினெட்டு. மெத்தைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த வரைபடப் பொறியாளர், மெலிந்த மனிதர், தன் முதலாளிக்குச் சரியான எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்று செயலாளரோடு சேர்ந்து இரண்டு தடவை எண்ணினார். இரண்டாவது தடவை தேவையே இருக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முப்பத்தொரு தலையை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

தெற்கில் ஒரே கூச்சல். கண்ணாடிக்காரரைப் பார்த்து, உன் சூழ்ச்சி பலிக்கவில்லை பார்த்தாயா என்று நூறு குரல் கேட்டது. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார். அதை மட்டும் அவர் கொஞ்சம் மிகையாகச் செய்துவிட்டார் என்று மனைவி பிற்பாடு குறை சொன்னாள்.

வாசலில் நீலக்காரர்கள் நாலு பேர் காத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டார். அவர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். எதிரியின் கோட்டைக்குள் இருபத்திரண்டு வருஷமாக ஆள் வைத்த மாதிரி உள்ளே உட்கார்ந்து, கடைசி நிமிஷத்தில் கவிழ்க்கப் பார்த்தாரே, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று புகழ்ந்து தள்ளினார்கள். காரியம் தவறிவிட்டாலும் முயற்சி பெரிது என்றார்கள். இப்படி ஒரு நல்ல பேர் தானாக வந்து மடியில் விழும்போது திருத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை.

புல்லுக்காரர் மறுநாள் காலையில் வாசற்படிக்கு வந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று கண்ணாடிக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டு வந்தவர் முகம்.

"கோல் வாசல்ல புல்லு நல்லா எழும்பிடுச்சு" என்றார்.

"அப்படியா."

"உங்க தரையையும் பாத்தேன், போன வாரம். அங்கங்க வழுக்கையா இருக்கு. உங்க முதலாளி குழாய் விக்கிறாரே, தரைக்கு ஒரு குழாய் போட மாட்டாரா?"

"எங்க தரைக்கு என்ன குறை, மச்சான்? உங்க ஆட்டக்காரங்க எங்ககிட்ட விழுந்து விழுந்து தேய்ச்சதுல வந்த வழுக்கை அது."

சோதனை நாற்காலியில் இருந்த ஆள் தானே கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பச்சைக் கிளப்பில் முந்நூற்றுப் பதினெட்டை நீக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஆயுள் உறுப்பினரை நீக்க ஆயுள் முடிய வேண்டும், வேறு வழி விதியில் இல்லை என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதுதான் அந்த ஊரில் அவர் கடைசியாகக் கொடுத்த தீர்ப்பு. மெத்தை முதலாளி வேறோர் ஊரில் வேறொரு கிளப்பை வாங்கி அங்கே தலையணைக் கூரையைக் கட்ட ஆரம்பித்தார். அந்த வேலையைப் பார்க்கப் போன மெலிந்த பொறியாளர் ஆறு மாதத்தில் மூன்று தடவை திரும்பி வந்தார். எண்ணிக்கையில் ஏதோ சந்தேகம் என்று சொல்லிக்கொண்டார். நாலாவது தடவை அவர் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தபோது யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பச்சையும் நீலமுமாக ஊரே போயிருந்தது. செயலாளர் அம்மாள் வங்கியில் மாற்றல் வாங்கிக்கொண்டு கணவரோடு அந்த ஊருக்கே போய்விட்டார். பிளாஸ்டிக் தரை உள்ள ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே வீடு என்கிறார்கள். கிளப்பின் புதுச் செயலாளர், கிழக்கு கேலரிக்கு அடியில் குடியிருக்கிற புல்லுக்காரரின் மனைவி.